பாடசாலைச் சீருடை: ஒரு வரலாற்று நோக்கு

ஆள் பாதி ஆடை பாதி என்பது நம்மவர் வழக்கு. பாடசாலைப் பிள்ளையின் ஆடை எவ்வாறிருத்தல் வேண்டும், அதனை வகுப்போர் யாவர், அதற்கான பணத்தைக் கொடுப்போர் யாவர் என்னும் மூன்று கேள்விகளும் நமது நாட்டிலே நூற்றைம்பது ஆண்டுகளாகப் பல வேடங்களில் வந்து போயிருக்கின்றன. சீருடையைக் கட்டாயமாக்குதல் தகுமா என்று நமது வாலிபர் வாதிடும்பொழுது, தகும் என்போர் ஒழுங்கையும் சமத்துவத்தையும் காட்டுவர். தகாது என்போர் பெற்றோரின் செலவையும் பிள்ளையின் சுதந்திரத்தையும் காட்டுவர். பேச்சு எழுச்சியாகவே இருக்கும். ஆயினும் இரு சாராரும் இந்த வெள்ளைச் சட்டை எவ்வழியாக நம் பிள்ளைகளின் முதுகுக்கு வந்து சேர்ந்தது என்று நின்று நோக்குவது அரிது. அவ்வழியைச் சிறிது நடந்து பார்க்கவே இக்கட்டுரையில் முற்பட்டோம்.

நமக்கு அண்மையிலுள்ள ஊரையே முதலில் எடுத்துக்கொள்வோம். இறக்காமம் குளத்தையும் நெல்வயல்களையும் அடுத்துக் கிடப்பது வரிப்பத்தான்சேனை. தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் வாழும் ஊர். அயலிலே மாணிக்கமடு, அங்கே வாழ்வோர் நம்மவர். காலை ஏழு மணிக்கு அப்பக்கத்து வீதியில் நின்றாற் போதும், நாம் சொல்லவந்த விடயத்திற் பாதி கண்ணாலேயே விளங்கிவிடும். முஸ்லிம் பெண்பிள்ளைகள் வெள்ளை நீள்சட்டையும் காற்சட்டையும் அணிந்து, தலையையும் தோளையும் வெள்ளைப் பர்தாவால் மூடிச் செல்வர். நம் பெண்பிள்ளைகள் வெள்ளைக் கவுணும் கழுத்துப்பட்டியுமாய், இரட்டைப் பின்னல் கட்டிச் செல்வர். ஆண்பிள்ளைகளில் இளையோர்க்கு நீலக் கட்டைக் காற்சட்டை. மூத்தோர்க்கு வெள்ளை நீளக் காற்சட்டை. துணி ஒன்று; தையல் வேறு. இதனை எவரும் புதுமையென்று நோக்குவதில்லை, பிரச்சினையென்று பேசுவதுமில்லை. இந்நிலை தானாக முளைத்ததன்று.

சீருடை எங்கே பிறந்தது? இலண்டன் மாநகரிலே 1552 ஆம் ஆண்டு கிறைஸ்ட் ஹொஸ்பிற்றல் என்னும் தருமப் பாடசாலை ஆரம்பமாயிற்று. தெருவிலே திரிந்த ஏழைப் பிள்ளைகளுக்கும் அநாதைகளுக்கும் உண்டியும் உறையுளும் கல்வியும் கொடுப்பதற்காக எழுந்த நிலையம் அது. அப்பிள்ளைகளுக்கு நீலநிற நீண்ட அங்கி கொடுத்தார்கள். நீலச்சாயம் அக்காலத்திலே மலிவானது, அதனால் அந்நிறம். அதனை அணிந்த பிள்ளையைக் கண்டவர் யாவரும், இது தருமச்சோறு உண்ணும் பிள்ளை என்று அறிந்துகொள்வர். ஆகவே சீருடை தன் பிறப்பிலே சமத்துவத்தின் சின்னமன்று, வறுமையின் முத்திரை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேதான் இங்கிலாந்தின் செல்வர் பாடசாலைகள் தமக்கெனத் தொப்பியும் கோட்டும் கழுத்துப்பட்டியும் வகுத்துக்கொண்டன. ஏழையின் அடையாளமாயிருந்தது பெரிய இடத்துப் பெருமையாக மாறிற்று. அந்தப் பெருமையே கப்பலேறிக் கொழும்புக்கும் கண்டிக்கும் வந்தது. வெயிலடிக்கும் நாட்டிலே கம்பளிக் கோட்டும் கழுத்துப்பட்டியும் எதற்கு என்று அன்று கேட்டாரில்லை. இன்றும் கழுத்துப்பட்டி நம் பெண்பிள்ளைகளின் கழுத்தைவிட்டு இறங்கவில்லை.

நம் பக்கத்திலே உடையின் வரலாறு வேறு விதமானது. நமது பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்திலே மணலில் எழுதிய பிள்ளைக்குச் சீருடை என்று ஒன்றில்லை. இடுப்பிலே ஒரு துண்டு, நெற்றியிலே நீறு, அவ்வளவே. ஆனால் உடைக்கட்டுப்பாடு இருந்தது. யாழ்ப்பாணத்திலே ஒடுக்கப்பட்ட சாதியார் மேலே சட்டையணியக் கூடாது, அவர்தம் பெண்டிர் மேலாடை போடக் கூடாது, நகை பூணக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது என்று ஊர்வழக்கு விதித்திருந்தது. இருபதாம் நூற்றாண்டிலேயும் இது நெடுங்காலம் நீடித்தது. நம்மவர் செய்த இழிவு இது, மறைப்பதிற் பயனில்லை. ஒரு பிள்ளை சட்டையணிந்து பாடசாலைக்குப் போவதே ஒருவகைக் கலகமாகக் கருதப்பட்ட ஊரிலே, எல்லாப் பிள்ளைகளும் ஒரே வெள்ளைச் சட்டை அணிதல் என்பது எத்துணைப் பெரிய மாற்றமென்பதை இன்றைய வாலிபர் நினைத்துப் பார்த்தல் வேண்டும்.

அம்மாற்றம் எளிதில் வரவில்லை. 1924 இல் மாணவர் காங்கிரஸ் என்னும் பெயரோடு தோன்றி, பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என வழங்கிய இயக்கம், ஹண்டி பேரின்பநாயகம் முதலியோர் தலைமையிலே சாதி வேற்றுமையை எதிர்த்து நின்றது. 1927 நவம்பரிலே காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்துவந்தவர்களும் அவர்களே. அடிகள் கதரை வற்புறுத்தியபொழுது, அது அந்நியத் துணிக்கு எதிரான விரதமாக மாத்திரமன்றி, செல்வனும் ஏழையும் ஒரேவகைத் துணியில் நிற்கும் ஒழுங்காகவும் வாலிபர் நெஞ்சிலே பதிந்தது. 1929, 1930 ஆம் ஆண்டுகளிலே சமாசனம், சமபோசனம் என்னும் கிளர்ச்சி வலுத்தது. அதுவரை ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் பல பாடசாலைகளிலே வெறுந்தரையிலும், மற்றையோர் வாங்கிலும் இருத்தப்பட்டனர். உதவிநன்கொடை பெறும் பாடசாலைகளிலே எல்லாரும் ஒன்றாக இருத்தல் வேண்டுமெனக் கல்வித் திணைக்களம் பணித்தது. அதை எதிர்த்து மனுக்கள் போயின. சில பாடசாலைகள் தீக்கிரையாயின. வாங்குக்கே தீ வைத்தவர்கள் சட்டைக்கு என்ன செய்திருப்பர் என்று நாம் ஊகிக்கலாம்.

இனி வேறொரு நிகழ்ச்சி. இது நம் சமயத்தாரே மறந்துவிடக் கூடாதது. ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியதை யாவரும் அறிவர். 1872 இல் அவர் சைவாங்கில வித்தியாசாலை என ஓர் ஆங்கிலப் பாடசாலையையும் தொடங்கினார். ஏன் தொடங்கினார்? அவ்வூர் மிஷன் ஆங்கிலப் பாடசாலையிலே படித்த சைவப் பிள்ளைகள் நெற்றியிலே விபூதி தரித்துச் சென்றமையால் வெளியே அனுப்பப்பட்டார்கள் என்பதே காரணம். பாடத்திலே குறையில்லை, நடத்தையிலே குறையில்லை, நெற்றியே குற்றமாயிற்று. நாவலர் வீடு வீடாகப் பொருள் சேர்த்தார். எனினும் பொருள் முட்டுப்பாட்டால் அந்த வித்தியாசாலை சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. ஆனால் அந்த எண்ணம் சாகவில்லை. 1890 இல் தோன்றிய யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரிக்கும் அதுவே முன்னோடி எனல் மிகையாகாது. பிள்ளை தன் சமயச் சின்னத்தோடு கல்விகற்கும் உரிமைக்காகவே நம் முன்னோர் பாடசாலை கட்டினார்கள். இதை இங்கே அழுத்திச் சொல்கிறோம், பின்னர் தேவைப்படும்.

நம் சகோதர சமூகத்தாருக்கும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1905 இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம் நியாயவாதியான எம். சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பி அணிந்து கொழும்பு உயர்நீதிமன்றத்திலே வழக்குப் பேச எழுந்தார். பிரதம நீதியரசர் லேயார்ட் அத்தொப்பியோடு பேச அனுமதியேன் என்றார். தலையை மூடுதல் ஆங்கிலேயனுக்கு மரியாதைக் குறைவு; முஸ்லிமுக்கோ தலையைத் திறத்தலே மரியாதைக் குறைவு. இந்த ஒரு தொப்பியின்மேல் நாடு முழுதுமுள்ள முஸ்லிம்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அவ்வாண்டு டிசம்பர் 31 ஆந் தேதி மருதானைப் பள்ளிவாசல் முன்றிலிலே பெருங்கூட்டம் கூடிற்று. முடிவில் தொப்பியோடு நீதிமன்றத்திலே தோன்றும் உரிமையை அவர்கள் பெற்றார்கள். அதனால் நீதியின் தராசு ஒரு பக்கம் சாய்ந்துவிடவில்லை.

இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே ஒரு பாலமாக நாம் கொள்வது ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்களின் வாழ்க்கையை. 1911 இல் வண்ணார்பண்ணையிலே பிறந்த அவர், இராமகிருஷ்ண மிஷனின் வைத்தீசுவர வித்தியாலயத்திலும், அதன்பின் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பயின்றார். இரண்டும் இந்துப் பாடசாலைகள். பிற்காலத்திலே இலங்கைச் சிவில் சேவையில் முதன்முதற் சேர்ந்த முஸ்லிம் அவரே. 1942 இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தார். போர்க்காலத்து உணவு உற்பத்திக்காக வந்தவர், இங்குள்ள முஸ்லிம் மக்களின் கல்விநிலையைக் கண்டு மனம் வருந்தி, அதற்கென உழைக்கத் தொடங்கினார். காரைதீவிலே 1892 இல் பிறந்து, கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலே கற்று, மட்டக்களப்பிலே 1929 இல் சிவானந்த வித்தியாலயத்தைத் திறந்த நம் சுவாமி விபுலானந்தரும் அவரும் நண்பர்கள். இந்துப் பாடசாலையிலே பயின்ற முஸ்லிமும், மிஷன் பாடசாலையிலே பயின்ற துறவியும் இக்கரையோரத்துக் கல்விக்குத் தோள்கொடுத்தார்கள் என்றால், பாடசாலை வாயில் திறந்திருந்ததன் பலனென்றே சொல்லவேண்டும்.

இனிச் செலவுக் கணக்குக்கு வருவோம். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945 ஒக்டோபர் முதலாந் தேதி தொட்டு இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கட்டணம் போயிற்று, ஆயினும் கல்வி முற்றும் இலவசமாகிவிடவில்லை. புத்தகம், கொப்பி, உடுப்பு, சப்பாத்து ஆகியன பெற்றோர் தலையிலேயே இருந்தன. பட்டினத்துக் கல்லூரிகளிற் சீருடை இருந்தது. கிராமப் பாடசாலையிலே பிள்ளை சாரத்தோடும் வந்தது, பாவாடையோடும் வந்தது, மேலிற் சட்டையின்றியும் வந்தது. 1960 ஆம், 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களினால் உதவிபெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றது. மிஷன் பாடசாலைகளோடு நம் சைவப் பாடசாலைகளும் இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளும் அரசாங்கத்தைச் சேர்ந்தன. ஒரே நிருவாகத்தின் கீழ் வந்த பாடசாலைகளுக்கு ஒரே வெள்ளை உடை என்னும் வழக்கும் மெல்ல மெல்ல ஊர்களை எட்டிற்று. வெள்ளை ஏன் என்றால், வெப்ப நாட்டுக்குப் பொருந்தும், சாயச் செலவில்லை, எக்கடையிலும் கிடைக்கும். ஆயினும் வயற்சேற்றிலும் செம்மண் வீதியிலும் நடந்துவரும் பிள்ளைக்கு வெள்ளையை விதித்தவர், தம் கையாற் துணிதுவைத்தறியாதவர் என்பது நம் தாய்மாரின் துணிபு. அதை நாம் மறுக்கத் துணியோம்.

சீருடை பரவிற்று; துணி பரவவில்லை. 1970 முதல் 1977 வரையுள்ள காலத்திலே இறக்குமதிக் கட்டுப்பாட்டால் துணிக்குத் தட்டுப்பாடு வந்ததை நமது மூத்தோர் அறிவர். கூட்டுறவுக் கடை வாயிலிலே அரிசிக்கும் பாணுக்கும் நின்றதுபோலவே துணிக்கும் நின்றார்கள். ஓர் உடுப்பை வைத்துக்கொண்டு மாலையிலே துவைத்து, இரவிலே அடுப்படியில் உலர்த்தி, காலையிலே உடுத்துச் சென்ற தலைமுறை அது. அண்ணன் சட்டை தம்பிக்கு, அக்காள் கவுண் தங்கைக்கு. அக்காலத்திலே சீருடை சமத்துவம் தந்ததா என்று கேட்டால், பாதி தந்தது என்போம். பட்டுச்சட்டைக்காரன் வரமாட்டான், அது ஒரு சமத்துவம். புதுவெள்ளைக்கும் பழுப்பேறிய வெள்ளைக்கும் வேற்றுமை கண் தெரியாதவனுக்கும் தெரியும்; அது பழைய வேற்றுமையே.

இக்குறையை அரசாங்கம் உணர 1993 வரை சென்றது. 1980 இலே பாடநூல்கள் இலவசமாயின. ஜனாதிபதி பிரேமதாசவின் காலத்திலே, 1993 ஆம் ஆண்டிலே, அரசாங்கப் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணி இலவசமாக வழங்கும் திட்டம் தொடங்கிற்று. அவருடைய அரசியலிலே நமக்கு ஒவ்வாதன பலவுண்டு. ஆயினும் கொழும்பு கெசல்வத்தையிலே எளிய குடும்பத்திலே வளர்ந்த ஒருவர்க்கே ஒரு துண்டுத் துணியின் பெறுமதி தெரிந்திருந்தது என்று சொல்லாமல் விடுதல் நீதியன்று. சிங்களப் பிள்ளை, தமிழ்ப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை என்ற வேற்றுமையின்றி எல்லார்க்கும் துணி கிடைத்தது. போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளிலும் அத்திட்டம் அறுந்துவிடவில்லை. துணியாகக் கொடுத்தமையிலே ஒரு நன்மையிருந்தது. தைத்த உடுப்பாகக் கொடுத்திருந்தால் தையலையும் அரசாங்கமே வகுத்திருக்கும். முஸ்லிம் பெண்பிள்ளைக்கு அவள் வழக்கப்படி நீள்சட்டையும் பர்தாவும், நம் பெண்பிள்ளைக்குக் கவுணும் என்று தைத்துக்கொள்ள இடமிருந்தது. வரிப்பத்தான்சேனை வீதியிலே நாம் கண்ட காட்சிக்கு இத்துணிக் கட்டும் ஒரு காரணம்.

கடலுக்கப்பால் தமிழகத்தையும் சிறிது நோக்குதல் தகும். காமராசர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராயிருந்த காலத்திலே மதிய உணவுத் திட்டம் விரிந்தது. பொதுக்கல்வி இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு 1958 தொடக்கம் ஊர்தோறும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்துவித்தார். ஊரார் வாங்கு தந்தனர், கரும்பலகை தந்தனர், கட்டிடம் தந்தனர், பிள்ளைகளுக்கு உடையும் தந்தனர். சாதியையும் செல்வத்தையும் வகுப்பறைக்கு வெளியே நிறுத்த ஒரேவகை உடை உதவும் என்பது அவர்கள் கொள்கை. எம். ஜி. ஆரின் ஆட்சியிலே 1985 இல் சத்துணவு உண்ணும் பிள்ளைகளுக்கு அரசே இலவசச் சீருடை வழங்கிற்று. அங்கும் இங்கும் ஒரே பாடந்தான்: உடுப்பைக் கேட்கும் கை, உடுப்பைக் கொடுக்கும் கையாகவும் இருந்தபொழுதே ஏழை வீட்டார் சீருடையை வரவேற்றனர். அமெரிக்காவிலே கலிபோர்னியா மாநிலத்து லோங் பீச் நகரம் 1994 இல் தன் தொடக்கப் பாடசாலைகளிலே சீருடையைக் கட்டாயமாக்கியபின் அது நாடளாவிய விவாதமாயிற்று. ஒழுங்கு உயரும், கல்வி உயரும் என்றார்கள். ஆராய்ந்தவர்களோ இன்றுவரை ஒருமுகப்பட்டாரல்லர். உடையாற் கணக்குப்பாடம் வந்துவிடும் என்று நாமும் நம்பவில்லை.

மீண்டும் நம் நாடு. 2015 ஆம் ஆண்டு இறுதியிலே துணிக்குப் பதிலாகப் பணப்பெறுமதியுள்ள வவுச்சர் கொடுக்கும் முறை வந்தது. துணிக் கொள்வனவிலே ஊழல் உண்டு, தரம் குறைவு என்பன கூறப்பட்ட காரணங்கள். பெற்றோர் விரும்பிய கடையிலே விரும்பிய துணி வாங்கலாம் என்றார்கள். பட்டினத்தாருக்கு அது வசதி. கடை தூரமான ஊராருக்குப் பேருந்துச் செலவு. பின்னர் மீண்டும் துணியே வந்தது. 2022 இலே நாடு பொருளாதாரத்தில் வீழ்ந்தபொழுது, கொப்பியின் விலையும் சப்பாத்தின் விலையும் கூலிக்காரக் குடும்பத்துக்கு எட்டாமற் போயின. எரிபொருளின்மையால் பாடசாலைகளே மூடப்பட்டன. அவ்வாண்டு நவம்பரிலே, சேலையின் விலை கட்டுப்படியாகவில்லை என்று சில ஆசிரியைகள் வேறு உடையிற் பாடசாலைக்கு வர, அதுவும் ஒரு நாட்டு விவாதமாயிற்று. 2023 ஆம் ஆண்டுக்கான சீருடைத் துணியிற் பெரும்பகுதியைச் சீன அரசாங்கம் நன்கொடையாகத் தந்தது; 2025 ஆம் ஆண்டுத் தேவை முழுவதையும் அதுவே தந்தது. நன்றி உடையோம். எனினும் முப்பது ஆண்டுகள் நாமே நம் பிள்ளைக்குக் கொடுத்த துணியைப் பிறர் கையிலிருந்து வாங்க நேர்ந்ததை எண்ணுகையில் நெஞ்சு சிறிது கனக்கவே செய்கின்றது.

இனிச் செலவைவிடக் கடினமான கேள்விக்கு வந்தோம். சீருடையின் வடிவத்தை யார் வகுப்பது? நம் மாகாணத்திலேயே இக்கேள்வி வீதிக்கு வந்தது. திருகோணமலை ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி 1923 இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையாரால் இந்துப் பெண்பிள்ளைகளின் கல்விக்காக நிறுவப்பட்டது. அங்கே 2018 ஏப்ரலிலே முஸ்லிம் ஆசிரியைகள் சிலர் சேலையை விட்டு அபாயா அணிந்து வந்தார்கள். கல்லூரியின் மரபு சேலையே என்று பெற்றோர் பலர் வாயிலிலே கூடி எதிர்த்தனர். ஆசிரியைகள் வேறு பாடசாலைக்கு மாற்றப்பட்டனர். மனித உரிமைகள் ஆணைக்குழு ஆராய்ந்து, ஆசிரியைகளுக்குச் சார்பாகப் பரிந்துரை செய்தது. 2022 பெப்ரவரியிலே ஓர் ஆசிரியை திரும்பி வந்த நாளிலே மீண்டும் கலவரமாயிற்று. 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின் முகமூடிய உடை அவசரகாலச் சட்டத்தாலே தடுக்கப்பட்டது. அது முகத்தைப் பற்றிய சட்டம், தலைமுக்காட்டைப் பற்றியதன்று. ஆயினும் அன்றிலிருந்து எந்த முக்காட்டையும் ஐயத்தோடு நோக்கும் பழக்கம் பலரிடம் ஒட்டிக்கொண்டது. 2024 இலே திருகோணமலை சாஹிரா கல்லூரியைச் சேர்ந்த எழுபது மாணவியரின் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள், காது மூடியிருந்தது என்ற காரணத்தால் முதலில் நிறுத்திவைக்கப்பட்டன. பரீட்சையிலே களவைத் தடுத்தல் நியாயமே. அதற்காக மண்டபத்திலேயே ஒரு பெண் அலுவலர் பார்த்து முடிக்கவேண்டிய காரியத்தை, எழுபது பிள்ளைகளின் எதிர்காலத்தோடு பிணைத்தல் நியாயமாகாது.

இந்தியாவிலே கர்நாடக மாநிலத்து உடுப்பியிலும் இதே நெருப்பு எரிந்தது. கல்லூரி வகுப்பிலே முக்காட்டைத் தடுத்தமையால் மாணவியர் வாயிலிலே நின்றார்கள். 2022 பெப்ரவரி 5 ஆந் தேதி மாநில அரசு சீருடைக் கட்டளை பிறப்பித்தது. மார்ச் 15 ஆந் தேதி அம்மாநில உயர்நீதிமன்றம் அக்கட்டளையை ஏற்றது. ஒக்டோபர் 13 ஆந் தேதி டில்லி உச்சநீதிமன்றத்து இரு நீதியரசரும் இருவேறு தீர்ப்புக் கூறினர். ஹேமந்த் குப்தா கட்டளை சரி என்றார். சுதான்சு தூலியா, பெண்பிள்ளையின் கல்வியே முதன்மை என்று மறுதலித்தார். பிரான்சு தேசமோ 2004 இலே சட்டமியற்றி அரசாங்கப் பாடசாலைகளிலே கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் சமயச் சின்னங்கள் அனைத்தையும் விலக்கிற்று. 2023 இலே அபாயாவையும் விலக்கிற்று. நாவலர் பிரான்சிலே பிறந்திருந்தால் இன்னொரு வித்தியாசாலை கட்டவேண்டியிருந்திருக்கும்.

நமது மூத்தோருட் சிலர் இதை ஏற்கமாட்டார்கள் என்பதை அறிவோம். "நம் முன்னோர் கட்டிய கல்லூரியிலே நம் மரபு நிற்கவேண்டாமா?" என்று அவர்கள் கேட்பர். கேள்வி தகாததன்று. ஒரு பாடசாலைக்குத் தன் வழிபாடும், தன் விழாவும், தன் பண்பும் உண்டு; அவை போற்றப்படல் வேண்டும். நவராத்திரி விழா அங்கே நின்றுவிட வேண்டியதில்லை. ஆனால் கட்டிடம் நம் முன்னோருடையதாயினும், 1961 இன் பின் சம்பளம் நாட்டு மக்கள் யாவருடைய வரிப்பணம். அன்றியும், 1872 இலே நெற்றி நீற்றுக்காக வெளியே அனுப்பப்பட்ட பிள்ளையின் பேரப்பிள்ளைகள் நாம். அப்பிள்ளையின் பக்கம் நீதி இருந்தது என்று நாம் கூறுவோமாயின், தலைமுக்காட்டோடு வரும் பிள்ளைக்கு வேறு அளவுகோல் தேட நமக்கு வழியில்லை. அவ்வண்ணமே முஸ்லிம் பாடசாலையிற் கற்கும் நம் பிள்ளை பொட்டோடும் நீற்றோடும் இருத்தலையும் நாம் எதிர்பார்க்கலாம். இக்கரையோரத்துப் பாடசாலைகளிலே அவ்வாறு கற்றோரும் கற்பித்தோரும் உளர்.

வேறொன்றும் கூறுவோம். பருவமடைந்த பெண்பிள்ளையைப் பாடசாலையால் நிறுத்திவிடும் வழக்கம் இக்கரையோரத்திலே ஒருகாலத்தில் இரு சமூகத்தாரிடமும் இருந்தது. தம் வழக்கத்துக்கு ஒத்த உடையோடு அனுப்பலாம் என்றபொழுது தந்தையின் தயக்கம் குறைந்தது. தாயின் வாதம் வென்றது. ஒலுவிலிலே 1995 இல் ஆரம்பமான தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலே இன்று முக்காட்டோடு விரிவுரைக்குச் செல்லும் யுவதிகளின் தாய்மாரிடமும் பாட்டிமாரிடமும் கேட்டால், எத்தனையாம் வகுப்போடு தம் படிப்பு நின்றது என்று சொல்வார்கள். உடையைக் கழற்றினாற்றான் வகுப்பு என்று அன்று ஒருவர் கட்டளையிட்டிருந்தால் இவர்களிற் பாதிப்பேர் அங்கே இருந்திரார்.

ஆகவே சீருடை வேண்டாம் என்பது நம் பக்கமன்று. சட்டையணிய உரிமையற்றிருந்தவனின் பேரன் இன்று பண்ணையார் பேரனோடு ஒரே வெள்ளையிலே ஒரே வாங்கில் இருப்பது நம் காலத்து வெற்றி, அதைக் கைவிடோம். ஆனால் கட்டாயம் என்னும் சொல் பிள்ளையின்மேல் விழுமுன் அரசாங்கத்தின்மேலும் ஊரின்மேலும் விழுதல் வேண்டும். சப்பாத்து இல்லை, மேசு கறுப்பு, கழுத்துப்பட்டி மறந்துபோயிற்று என்று வாயிலிலே வெயிலில் நிறுத்தப்பட்ட பிள்ளைகளை நாம் கண்டதுண்டு. எப்பாடசாலை என்று சொல்லப்போவதில்லை; ஒன்றிரண்டல்ல. முதற்பாடம் முடியும் வரை வெளியே நிற்கும் பிள்ளை கற்றது என்ன? தன் தகப்பனின் கைச்சுருக்கம் ஒன்றே.

துணி இலவசம், தைகூலி இலவசமன்று. பெண்பிள்ளைக்கு நீள்சட்டை, காற்சட்டை, பர்தா என மூன்று உருப்படி தைப்பித்தால், துணியின் பெறுமதியை எட்டிப்பிடிக்கும் தைகூலி. இரண்டு பிள்ளை, மூன்று பிள்ளையுள்ள வயற்கூலி வீட்டாருக்குச் ஜனவரி பிறக்குமுன் டிசம்பர் மாதமே பெரிய மாதம். மாரி மழையும் அப்பொழுதுதான் கொட்டும். வயலிலே களைபிடுங்கும் வேலையும் ஒழுங்காக இராது. தையல் இயந்திரமுள்ள வீடுகள் நம் ஊர்களிற் பலவுண்டு. தைக்கத் தெரிந்த யுவதிகளும் உண்டு. மருதமுனையிலோ நெசவுக்கென்றே பேர்போன குடும்பங்கள் உண்டு; அவர்கள் நெய்த சாரமும் சேலையும் இலங்கையெங்கும் போகின்றன. பாடசாலைச் சீருடைத் துணி கப்பலேறி வருகையிலே, பதினைந்து மைலுக்குள் தறியை வைத்துக்கொண்டு நாம் அக்கப்பலைப் பார்த்திருக்கிறோம். அத்தறிகளுக்கு ஒரு பாடசாலையின் தேவையையேனும் ஆண்டுதோறும் ஒப்படைத்தால் எவ்வளவு முடியும், நூல்விலை எவ்வளவு, கூலி எவ்வளவு என்று நெசவாளரோடு இருந்து கணக்குப் பார்க்கவேண்டியிருக்கிறது. இவ்வாண்டு டிசம்பருக்கு முன் அக்கணக்கை எடுத்தல் நம் வாலிபரால் ஆகக்கூடிய காரியம்.